பதினோரு மணி டீ

என்னை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது வயது அல்ல, இடுப்பு. எக்ஸ்ரே அறையில் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் வயிற்றுக்குள் குழாயை விட்டு, முப்பது வருடம் வளைந்தும் குனிந்தும் நின்றால் எந்த இடுப்பும் ஒரு நாள் கைவிரித்துவிடும். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. காலையில் நடக்கிறேன், மதியம் தூங்குகிறேன், சாயங்காலம் யாராவது பழைய நோயாளி கடைத்தெருவில் பிடித்துக்கொண்டு வயிற்றைப் பற்றிப் பேசுகிறார். நன்றாகவே இருக்கிறேன்.

குடல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கருவிகளைப் பற்றி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். என் காலத்துக் கருவிகளை இப்போது காட்சிக்குத்தான் வைக்கலாம். அதனால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். தப்புகள் அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை.

அந்த அம்மாவின் பெயர் மலர்க்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாபநாசம் பக்கத்துக் கிராமம், வயது நாற்பத்தாறு. பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடவுக்குப் போகும் குழுவுக்கு அவர்தான் தலைவி. நாற்று நடும் இயந்திரம் இறங்க முடியாத சேற்று வயல்களுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தஞ்சாவூரில் என் அறைக்குள் வந்தபோது முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், ஐந்தரை. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரையை வைத்துக்கொண்டு, முந்தின வாரம் வரை சேற்றில் நின்று நட்டிருக்கிறார்.

இரும்புச் சத்துக் குறைவு என்பதில் சந்தேகமே இல்லை. ஏன் என்பதுதான் தெரியவில்லை. மூன்று முறை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றினால் இரண்டு மாதம் தாங்கும், மறுபடி இறங்கிவிடும். பத்து வருடத்துக்கு முன்னால் வேறு ஓர் ஊரில், மாதவிலக்கில்தான் ரத்தம் போகிறது என்று முடிவுசெய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் ரத்தம் ஏறவில்லை. அந்த மருத்துவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் தலையை ஆட்டியிருப்பேன். ஆனால் மலர்க்கொடிக்கு அது மறக்கவில்லை. முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

“என்ன வேணா பாருங்க டாக்டர். குழாய் விடுங்க, ஊசி போடுங்க. ஆனா இன்னொரு தடவ வயித்தக் கிழிக்க மட்டும் விடமாட்டேன்.”

சரி என்று சொன்னேன். அப்போது அது சுலபமாக இருந்தது.

அவருடைய முந்தானை முனையில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே அதைத் தளர்த்தி, ரெண்டு பச்சரிசியை எடுத்து வாயில் போட்டு மெல்லுவார். இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, சாம்பல், மண் என்று எதையாவது மெல்லும் ஆசை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் என் மாணவர்களைக் கூப்பிட்டு அந்த முடிச்சைக் காட்டிப் பாடமே நடத்தினேன். “நோயாளியின் முடிச்சைக் கூடப் பார்க்க வேண்டும்” என்று பெருமையாக வேறு சொன்னேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானம் போகப்போகிறது.

மேலே குழாய் விட்டுப் பார்த்தேன், இரைப்பை சுத்தம். கீழே பார்த்தேன், பெருங்குடல் சுத்தம். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர் என்பதால் கொக்கிப்புழுவாக இருக்கும் என்று பூச்சி மாத்திரை கொடுத்தேன். பலனில்லை. மருந்து எதுவும் எடுக்கிறாரா என்று நான் ஒரு முறை, என் உதவி மருத்துவர்கள் இரண்டு முறை, நர்ஸ் ஒரு முறை என்று நான்கு தடவை கேட்டோம். “வலி மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?” நான்கு தடவையும் “இல்லைங்க” என்றுதான் பதில். குறிப்பேட்டில் நான்கு இடத்தில் ‘இல்லை’ என்று அழகாக எழுதியிருக்கிறது.

அவருடைய மகள் நிவேதா ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவோடு வரும்போதெல்லாம் கேள்வி கேட்டுத் துளைப்பாள். இத்தனை பரிசோதனைக்குப் பிறகும் காரணம் தெரியவில்லையா என்று ஒரு நாள் கேட்டாள். உங்க அம்மா ஒழுங்காகப் பதில் சொல்கிறார், அதனால் எங்கள் வேலை உங்கள் வேலையைவிடச் சுலபம், சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவோம் என்றேன். அவள் சொன்னாள்.

“எங்க பேஷண்ட் பேசாதுங்க சார். அதனால மாடு சோகையா இருந்தா மொதல்ல தொட்டியில என்ன கெடக்குன்னு போய்ப் பாத்துருவோம்.”

நல்ல பெண், சாமர்த்தியமாகப் பேசுகிறாள் என்று நான் ரசித்தேன். ரசித்ததோடு சரி.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை என்றால் நடுவில் இருக்கும் சிறுகுடல்தான் பாக்கி. எங்கள் குழாய்கள் எளிதில் எட்டாத நீளம். அதற்குத்தான் காப்ஸ்யூல் கேமரா. விழுங்கினால் அது போகிற வழியெல்லாம் படம் எடுத்து இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பும், பிறகு தானாக வெளியே வந்துவிடும். வராமல் போகும் ஆபத்து ஒன்று உண்டு. குடலில் எங்காவது குறுகல் இருந்தால் அங்கே சிக்கிக்கொள்ளும். அதனால் கொடுப்பதற்கு முன், சாப்பிட்ட பின் வயிறு இழுத்துப் பிடிக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டேன். “சாப்ட்ட பெறகு செத்த நேரம் உருட்டும்ங்க, அப்பறம் சரியாயிரும்” என்றார். வாயு என்று எழுதிவிட்டு காப்ஸ்யூலைக் கொடுத்தேன். ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாததும் ஒரு தைரியம்.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். சிறுகுடலின் முதல் பாதி இளஞ்சிவப்பாக, நன்றாக இருந்தது. பிறகு ஒரு புண், இன்னொரு புண். அதற்கப்புறம் குடலின் குறுக்கே வளையம் போட்டது போல மெல்லிய சவ்வுகள், நடுவில் சிறு துளை. ஒரு வளையத்தைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவது வளையத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பேட்டரி தீரும் வரை அதே படம், அதே துளை. சாப்பிட்ட பிறகு ‘உருட்டியது’ எது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

அவரைக் கூப்பிட்டு, கேமரா மலத்தோடு வந்துவிட்டதா என்று கவனித்துச் சொல்லுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வரவில்லை என்றால் ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். மறுநாளே போன் வந்தது. “வந்துடுச்சுங்க டாக்டர்.” எனக்கு நிம்மதி. இரண்டு வாரம் கழித்து வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில், வலது பக்க அடிவயிற்றில் வெள்ளையாக, வெண்டைக்காய் விதையை ஊதிப் பெருக்கியது போல, கேமரா அப்படியே உட்கார்ந்திருந்தது. கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொன்னது அவர் என்றாலும், சொல்ல வைத்தது நான். கத்தியைக் காட்டிக்கொண்டே உண்மையைக் கேட்டால் யார் சொல்லுவார்?

வார்டில் சேர்த்தோம். நம் ஊரில் சிறுகுடலில் புண்ணும் குறுகலும் சேர்ந்திருந்தால் முதலில் காசநோயைத்தான் நினைப்போம். நானும் நினைத்தேன். என் நண்பரான அறுவை மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குறுகிய பகுதியை வெட்டி எடுத்துவிடலாம், கேமராவும் வந்துவிடும், என்ன நோய் என்று சோதிக்கத் திசுவும் கிடைத்துவிடும் என்றார். சரியான யோசனைதான். பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் அதுதான் இருக்கும். வியாழக்கிழமை காலை என்று நாள் குறித்தோம்.

மலர்க்கொடியிடம் சொல்ல நான்தான் போனேன். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. புடவையை லேசாக விலக்கி அடிவயிற்றில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார். “இது எடுத்தா சரியாயிரும்னாங்க. இப்ப நீங்க சொல்றீங்க” என்றார். நிவேதா கையெழுத்துப் போடும் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். நான் வெளியே வந்தபோது, இந்த அம்மாவுக்கு நான் முதல் நாள் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மனசு கேட்கவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

புதன்கிழமை காலை முழுக்க எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை. மதியம் வார்டுக்கு வந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. மலர்க்கொடியின் கட்டில் அருகே நின்று குறிப்பேட்டைப் பார்க்கிறேன் என்ற பெயரில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இடுப்பா டாக்டர்?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“நின்னு வேல பாக்குற இடுப்பு எனக்குத் தெரியுங்க. இருங்க.”

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அரிசியை விரலால் ஒதுக்கினார். அடியிலிருந்து, கத்தரித்து வைத்த மாத்திரை அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “சூடா ஒரு டீயக் குடிச்சிட்டு இதப் போட்டுக்கங்க. அரமணி நேரத்துல நிமிந்துருவீங்க” என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வலி மாத்திரைதான். அதுவும் இரைப்பையை விட்டுவைத்தாலும் சிறுகுடலைப் புண்ணாக்கிவிடும் வகை. வருடக்கணக்கில் போட்டால் அந்தப் புண்கள் ஆறி, ஆறிய இடம் சுருங்கி, வளையம் வளையமாகக் குடலை அடைக்கும். நான் படத்தில் பார்த்ததும் அதே வளையங்கள்தான். மாணவர்களுக்குப் பாடம் நடத்திய முடிச்சுக்குள்ளேயே அது இருந்திருக்கிறது. நிவேதா சொன்ன தொட்டி இதுதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். நிவேதா பிறந்த வருடத்திலிருந்து என்றார். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வேலை இருக்கும் நாளெல்லாம் பதினோரு மணி டீயோடு ஒன்று, மூன்று மணி டீயோடு ஒன்று. வார்டில் படுத்துப் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டதால் இங்கேயும் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நாங்கள் நான்கு தடவை கேட்டபோது ஏன் இல்லை என்றீர்கள் என்றேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

“வலி மாத்திரன்னா வியாதிக்காரங்க சாப்புடுறதுதானே? எனக்கு ஒரு வியாதியும் இல்லையே. இது வேலைக்குங்க.”

நண்பருக்குப் போன் செய்து வியாழக்கிழமை வேண்டாம் என்றேன். அவர் கோபப்பட்டார், அதில் நியாயம் இருந்தது. குடல் ஏற்கெனவே குறுகியிருக்கிறது, உள்ளே ஒரு பொருள் சிக்கியிருக்கிறது. நாளைக்கு அடைத்துக்கொண்டால் இதே ரத்தம் குறைந்த உடம்பை அவசரத்தில் அறுக்க வேண்டியிருக்கும். அப்போது காப்பாற்றுவது கஷ்டம், பழியும் உன் தலையில் என்றார். உனக்கு உறுதியாகத் தெரியுமா என்றும் கேட்டார். தெரியாது என்றேன். இந்த இடத்தில்தான் உங்கள் வயதில் இருந்தால் நான் வழுக்கியிருப்பேன். தெரியாது என்று சொல்ல வாய் வராமல் ஒன்று கத்திக்குச் சம்மதித்திருப்பேன், இல்லையென்றால் ஜம்பமாக ‘எனக்குத் தெரியும்’ என்றிருப்பேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாந்தி இல்லை. வயிறு அமுக்கிப் பார்த்தால் மெத்தென்று இருக்கிறது. சாப்பிடுகிறார். மாத்திரையை நிறுத்தினால் புண் ஆறும், புண்ணைச் சுற்றிய வீக்கம் வற்றும், துளை கொஞ்சம் அகலமாகலாம். ஆகாமலும் போகலாம். காசநோய் இருக்கலாம் என்பதும் முற்றிலும் போய்விடவில்லை. இதையெல்லாம் ஒன்று விடாமல் மலர்க்கொடியிடமும் மகளிடமும் சொன்னேன். தப்பு எங்களுடையது, கேட்கத் தெரியாமல் கேட்டோம் என்பதையும் சொன்னேன். அவர் வலியைப் பற்றித்தான் கேட்டார்.

“அப்ப இடுப்புக்கு என்னங்க பண்றது?”

குடலைக் கெடுக்காத மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் அவ்வளவு கேட்காது. வெந்நீர் ஒத்தடம், நடுநடுவே நிமிர்ந்து நிற்பது, சில பயிற்சிகள். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் அவை எதுவும் என் இடுப்புக்கே வேலை செய்யவில்லை. வலியை அவரிடம் விட்டுவிட்டு மருந்தை மட்டும் பிடுங்குகிறோம் என்பதை மறைக்காமல் சொன்னேன். “கிழிக்கிறதுக்கு இது தேவலங்க” என்றார் அவர்.

தஞ்சாவூரிலேயே உறவினர் வீட்டில் தங்க வேண்டும், வாந்தி வந்தாலோ வயிறு உப்பினாலோ எந்த நேரமானாலும் வர வேண்டும், வாரம் ஒரு எக்ஸ்ரே என்று நிபந்தனை போட்டேன். இரும்புச் சத்தை ஊசி வழியாக ஏற்றினோம். முதல் வாரம் கேமரா அதே இடத்தில் இருந்தது. இரண்டாவது வாரமும் அதே இடம். நண்பர் என்னைக் காரிடாரில் பார்க்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். மூன்றாவது வாரம் கேமரா ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. நான்காவது வாரம் எக்ஸ்ரேயில் அதைக் காணவில்லை. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, இடுப்பை மறந்து, மாடிப்படி ஏறி நண்பரிடம் காட்டினேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை மலர்க்கொடி வந்தார். ரத்தம் பதினொன்று. ஏற்றாமல் நின்ற பதினொன்று. முகத்தில் நிறம் வந்திருந்தது. அரிசி ஆசை போய்விட்டதாம், சோறாக்கும்போது கூட ஒரு மணி அரிசி வாயில் போடத் தோன்றவில்லையாம். பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். திறந்தால், பஞ்சு விரித்து அதன்மேல் கேமரா. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியதாகச் சொன்னார். “வந்துடுச்சுன்னு சும்மா சொன்னா நம்பமாட்டீங்கல்ல” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அவர் முகம் மாறியது. கதவைத் திறந்து வெளியே காட்டினார். பெஞ்சிலும் தரையிலுமாகப் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய நடவுக் குழு. காலையிலேயே ஒரு லோடு வண்டி பிடித்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

“கடையில அட்டையா வாங்கி, கத்தரிச்சு, டீயோட ஆளுக்கு ஒண்ணுன்னு கையில குடுத்தது நாந்தாங்க” என்றார். “நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். எல்லாத்துக்கும் ரத்தம் பாத்துருங்க.” நான்கு தடவை எழுதிய ‘இல்லை’ என் பக்கம், இருபது வருட டீ அவர் பக்கம். இரண்டு பேருமே நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் பெண்ணை உள்ளே கூப்பிட்டேன். முப்பது வயது இருக்கும், கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது. பழக்கம் லேசில் விடாது. பேனாவைத் திறந்தேன், குறிப்பேட்டைப் பார்த்தபடியே, “வலி மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?” என்றேன்.

“இல்லைங்க டாக்டர்” என்றாள் அந்தப் பெண்.

நான் எழுதப் போனேன். மலர்க்கொடி என் நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

“அப்புடிக் கேட்டா நானும் இல்லைன்னுதான் சொல்லுவேன். நீங்க செத்த நவுருங்க.” அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். “ஏ புள்ள, பதினோரு மணி டீயோட என்ன போடுற?”

அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை நகர்த்திப் போட்டு, அன்று காலை முழுக்க மலர்க்கொடி கேட்கக் கேட்கப் பதில்களை மட்டும் எழுதிக்கொண்டேன்.